மீனுக்கும் கீரைக்கும் நடுவில்

சூளைக்காரர்களுக்குப் பிடிக்காத காட்சி ஒன்று உண்டு. சூடு ஒரு படி ஏறிப்போனால் களிமண் உருப்படி உள்ளுக்குள் ஊதிக்கொண்டுவிடும். வெளித்தோல் உருகி இறுகியிருக்கும்; உள்ளே பொருமிய இட்லி மாவு மாதிரி குமிழ் குமிழாகக் காற்று. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஃபியூஸ் கேரியரோ, பொம்மையோ, அகல் விளக்கோ, இப்படி ஊதியது எதுவானாலும் போய்ச் சேரும் இடம் கழிவுக் குவியல்தான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் செங்கல் தொழில் செய்துவந்த ஸ்டீபன் ஹேட் என்பவருக்கும் இதே தலைவலி இருந்தது. ஊதிய கல்லில் கனம் குறைவு, ஆனால் வலு குறைவில்லை என்று கண்டுகொண்டதுதான் அவருடைய சாமர்த்தியம். 1918இல் அதற்குக் காப்புரிமையே வாங்கினார். வேண்டாம் என்று ஒதுக்கியதை வேண்டுமென்றே செய்வது அதன்பிறகு தனித் தொழிலானது. சுழலும் உருளைச் சூளையில் சுமார் 1,200 டிகிரி சூட்டில் களிமண் உருண்டைகளைப் புரட்டி எடுத்தால் பொரி மாதிரி ஊதி வரும். கட்டடக்காரர்கள் அதை எடை குறைந்த கான்கிரீட்டில் போட்டார்கள். தோட்டக்காரர்கள் தொட்டியில் போட்டார்கள். பிற்பாடு மீன் வளர்ப்பவர்களும் வந்து கேட்டார்கள்.

மீன்காரருக்குச் சுட்ட மண் எதற்கு? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். பதில் தெரிந்துகொள்ளக் கொஞ்ச தூரம், கரீபியன் கடல் வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. திரும்பி வந்து விருத்தாசலம் பக்கத்து நல்லூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் கணக்குப் பார்க்கலாம்.

செயின்ட் குரோய் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஒன்று. பரப்பு சுமார் 215 சதுர கிலோமீட்டர். வெயிலுக்குக் குறைவில்லை, கடலுக்கும் குறைவில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான் பஞ்சம். கூரையில் விழும் மழையைப் பிடித்துவைக்க வீட்டுக்கு வீடு தொட்டி கட்ட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. தீவின் தட்டில் விழுவதில் பெரும்பங்கு கப்பலில் வந்தது. இந்த ஊருக்கு 1980இல் ஜேம்ஸ் ரகோசி என்ற மீன்வள விஞ்ஞானி வந்து சேர்ந்தார். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்த கையோடு வந்தவர், முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். தண்ணீர் குறைந்த இடத்தில் மீன் வளர்க்க வேண்டுமானால் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். சுற்றிவரும் தண்ணீரில் மீன் கழிவு சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கழிவைச் செடிகளுக்குக் கொடுத்தால் என்ன? யோசனை இவ்வளவுதான். வயலில் மீன் விடுவது சீனாவில் பழைய வழக்கம். கேரளத்துப் பொக்காளி வயலில் நெல் அறுத்ததும் இறால் வரும். ரகோசி செய்தது வேறு வேலை. எவ்வளவு மீனுக்கு எவ்வளவு செடி என்று அளந்து, எழுதி, வருடக்கணக்கில் ஓட்டிக் காட்டினார்.

விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த பெரிய பண்ணை எட்டில் ஒரு ஏக்கரில் அடங்கியது. ஒவ்வொன்றும் 7,800 லிட்டர் பிடிக்கும் நான்கு மீன் தொட்டிகள். அடியில் கூம்பாகக் குறுகும் இரண்டு தெளிப்புத் தொட்டிகள். மீன் எச்சம் இதில் அடியில் படியும். பிறகு பழத்தோட்டத்து வலையைச் சுருட்டித் திணித்த வடிகட்டித் தொட்டிகள். அதன்பின் முப்பது மீட்டர் நீளமும் ஆளின் முழங்கால் அளவுகூட ஆழம் இல்லாததுமான ஆறு வாய்க்கால்கள். வாய்க்காலின் மேல் தெர்மகோல் பலகைகள் மிதக்கும். பலகையில் துளை, துளையில் செடி, வேர் மட்டும் கீழே தண்ணீரில். மொத்தத் தண்ணீர் 1,10,000 லிட்டர். ஆவியாகியும் கழிவோடும் போவதற்கு ஈடாகத் தினமும் சேர்த்தது அதில் ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான். முழுப் பண்ணைக்கும் தண்ணீர் ஏற்ற அரை குதிரைத்திறன் மோட்டார் ஒன்று போதும். மற்றதெல்லாம் சரிவு பார்த்துக்கொள்ளும். காற்று ஊதும் கருவிகளுக்குத்தான் கூடுதல் மின்சாரம்.

ஆறு வாரத்துக்கு ஒரு தொட்டியாக முறை வைத்து மீன் பிடித்தார்கள். வருடத்துக்கு நான்கு முதல் ஐந்து டன் வரை திலாப்பியா. வாய்க்காலில் துளசி இனமான பேசில் வளர்த்தபோது, பக்கத்து மண் வயலோடு ஒப்பிட்டால் சதுர மீட்டருக்கு மூன்று மடங்கு விளைந்தது. வெண்டைக்காயில் வித்தியாசம் இன்னும் கூடுதல். பல நாடுகளிலிருந்து ஆட்கள் அங்கே வந்து பயிற்சி எடுத்துப் போனார்கள். அதே காலத்தில் அமெரிக்கப் பெருநிலத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் மக்மர்ட்ரி மணல் பாத்தியை வைத்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்டு, மணலுக்குப் பதில் ஜல்லி போட்டு, 1990களில் மிசௌரியில் வீட்டளவுப் பண்ணை ஒன்றை ஓட்டிக் காட்டியது ஸ்பெரானியோ என்ற தம்பதி. மீனையும் செடியையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் இந்த முறைக்குப் பெயர் அக்வாபோனிக்ஸ். குடும்பங்கள் செய்கிற அக்வாபோனிக்ஸ் பெரும்பாலும் அந்த ஜல்லிப் பாத்தியின் வம்சம்தான்.

அக்வாபோனிக்ஸ் பற்றிப் பேசுகிற பலரும் “மீன் உரம் கொடுக்கிறது, செடி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வரி தப்பில்லை. ஆனால் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும்தான் இருந்தார்கள் என்று சொல்வது போன்றது அது. பந்தி பரிமாறியவர்கள் யார்?

மீன் தின்னும் தீவனத்தில் முக்கியமான சரக்கு புரதம். 32 சதவீதம் புரதமுள்ள ஒரு கிலோ தீவனத்தில் ஏறக்குறைய 50 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மீனின் உடம்பில் தசையாகத் தங்கும். மிச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியாவாக, அதுவும் முக்கியமாகச் செவுள் வழியாக, தண்ணீரில் கலந்துவிடும். கிலோ தீவனத்துக்கு 30 கிராம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. அம்மோனியா மீனுக்கு விஷம். அது எவ்வளவு விஷம் என்பதைத் தண்ணீரின் பி.ஹெச். முடிவு செய்யும். 28 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் பி.ஹெச். 7 என்றால், மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பி.ஹெச். 8 ஆனால் அது ஆறேழு சதவீதம். எண்ணில் ஒன்றுதான் கூடியது, நஞ்சு கிட்டத்தட்ட பத்து மடங்கு.

இந்த இடத்தில் பாக்டீரியா வேலைக்கு வருகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு ஆகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் தடுத்துவிடும். வேறொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றினால்தான் மீனுக்கு நிம்மதி, கீரைக்குச் சாப்பாடு. இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, இருட்டில் வெறும் ரசாயனத்தைத் தின்று உயிர் வாழ்கிறவை இவை என்று 1890 வாக்கில் காட்டியவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி. அவர் நாளிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல், இது இரண்டு ஆள் வேலை, ஒரே உயிரி இரண்டு படியையும் ஏறாது என்றே பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2015இல் அந்தப் பாடம் மாறியது. இரண்டு படியையும் தானே ஏறிவிடுகிற நைட்ரோஸ்பைரா வகையை இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அவற்றில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், தண்ணீரைச் சுழற்றி மீன் வளர்க்கும் ஒரு அமைப்பின் வடிகட்டி. வீட்டு மீன் தொட்டியின் வழவழப்பைத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் அடுத்த முறை கொஞ்சம் யோசிக்கலாம்.

பாக்டீரியா தண்ணீரில் நீந்திக்கொண்டு பிழைப்பு நடத்துவதில்லை. எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவை பரப்பு. ஒரு கன மீட்டர் ஆற்றுக் கூழாங்கல்லைக் கொட்டினால் அதன் மொத்தப் பரப்பு சுமார் 150 சதுர மீட்டர். அதே அளவு ஊதிய களிமண் உருண்டையில் 250இலிருந்து 300 சதுர மீட்டர். ஹேட்டின் ஊதிய கல்லுக்கு மீன்காரர் ஏன் வந்தார் என்பது இப்போது புரிந்திருக்கும். கனம் குறைவு என்பதால் மாடியிலும் ஏற்றலாம், கை வைத்துக் கிளறினாலும் விரல் கிழியாது. விலைதான் குறை. வங்கதேச வேளாண் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சலாம் என்ற பேராசிரியர் உடைத்த செங்கல்லை வைத்தே இதைச் செய்து காட்டினார். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே வெட்டித் தள்ளும் மண்ணிலேயே பீங்கானுக்கு ஏற்ற களிமண் கிடைக்கிற, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பாலிடெக்னிக் வைத்திருக்கிற வட்டாரத்தில் சுட்ட மண்ணுக்கு என்ன பஞ்சம்? மெருகு ஏற்றாத, சாயம் பூசாத உடைசல்தான் வேண்டும். மெருகிலும் சாயத்திலும் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். சாப்பிடும் கீரையின் வேரடியில் அதற்கு வேலை இல்லை.

ஜல்லியே போடுவதானால் ஒரு சோதனை உண்டு. ஒரு கல்லை எடுத்து அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் போடலாம். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரில் கரைந்து பி.ஹெச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும். நல்லூர்க்காரருக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் இல்லை. தெற்கே அரியலூர் முழுக்கச் சுண்ணாம்புப் பூமி, சிமென்ட் ஆலைகளின் ஊர். எந்தக் குவாரி ஜல்லி எந்த லாரியில் வந்து இறங்கியது என்று யாருக்குத் தெரியும்?

சரி, நல்லூரில் ஒரு வீடு. கொல்லையில் முருங்கை மரத்தடி. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் 2014இல் வெளியிட்ட சிறு பண்ணைக் கையேட்டின் கணக்கைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்: 1,000 லிட்டர் தொட்டி, அதில் அதிகபட்சம் 20 கிலோ மீன், தினமும் 200 கிராம் தீவனம், அதற்கு ஏற்ற நான்கு சதுர மீட்டர் கீரைப் பாத்தி. மீனை எண்ணிப் பாத்தியின் அளவை முடிவு செய்யக் கூடாது, தீவனத்தை நிறுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரகோசியின் பெரிய கொடை இந்த ஒரே சூத்திரம். உரம் உண்மையில் வருவது தீவன மூட்டையிலிருந்து. மீன் அதை மாற்றிக் கொடுக்கும் இயந்திரம். கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40இலிருந்து 50 கிராம் தீவனம் போதும். காய் காய்க்கும் செடிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மிதவைப் பலகை முறையில் ரகோசி சொன்னது 60இலிருந்து 100 கிராம்.

பாத்தி ஒரு அடி ஆழம். தொட்டித் தண்ணீர் மோட்டாரில் ஏறி, சுட்ட மண் துண்டுகளுக்கு நடுவே மெல்ல நிரம்பும். விளிம்புக்கு ஒன்றிரண்டு அங்குலம் கீழே வந்ததும் திடீரென்று ‘களக்’ என்ற சத்தத்தோடு மொத்தமும் கீழே இறங்கிவிடும். மறுபடி நிரம்பும், மறுபடி இறங்கும். இதற்குச் சுவிட்ச் கிடையாது, டைமர் கிடையாது. நடுவில் நிற்கும் ஒரு குழாய், அதன்மேல் கவிழ்த்த இன்னொரு குழாய், அவ்வளவுதான். பெல் சைஃபன் என்பார்கள். பழைய பித்தளைச் சாமான்களில் வசுதேவர் கிண்ணம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: குழந்தைக் கண்ணனைத் தூக்கிக்கொண்டு வசுதேவர் கிண்ணத்துக்குள் நிற்பார், ஊற்றுகிற தண்ணீர் கண்ணனின் பாதத்தைத் தொட்டதும் கிண்ணமே காலியாகிவிடும். யமுனை வழிவிட்ட கதையைச் சொல்ல யாரோ ஒரு கன்னார் செய்த வேடிக்கையும் கீரைப் பாத்தியின் மூச்சும் ஒரே பௌதிகம். தண்ணீர் இறங்கும்போது பாத்திக்குள் காற்று இழுபடும். வேருக்கும் பாக்டீரியாவுக்கும் அந்தக் காற்றுதான் உயிர். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. பாத்தியில் தங்கும் கசடைத் தின்ன நாலு மண்புழு விட்டால் அதுபாட்டுக்குப் பெருகும்.

முதல் நாளே மீன் வாங்கி விடுகிறவர்கள்தான் முதல் மாதமே கைவிடுகிறார்கள். பாக்டீரியா குடியேற மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியா மட்டும் சேர்த்து, சோதனைக் குப்பியில் நிறம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் ஏறுகிற நாளில் மீன் குஞ்சு விடலாம். நம் ஊர் வெப்பம் இதற்குத் தோதானது. குளிர்நாட்டில் இதே வேலை இழுத்தடிக்கும். குழாயில் வரும் குளோரின் தண்ணீரை அப்படியே ஊற்றினால் வந்த கூட்டமும் செத்துப்போகும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்ற வேண்டும்.

பிறகு பி.ஹெச். தகராறு. பாக்டீரியாவுக்கு ஏழரைக்கு மேலே வேண்டும். செடிக்கு ஆறு பக்கம் வேண்டும். மீன் நடுவில். பாக்டீரியா தன் வேலையைச் செய்யச் செய்யத் தண்ணீர் தானாகப் புளித்துக்கொண்டே போகும். செயின்ட் குரோயில் இதை 7இல் பிடித்துவைக்கக் கால்சியம் ஹைட்ராக்சைடையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கால்சியமும் பொட்டாசியமும் மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான அளவு இல்லாத சரக்குகள், ஆகவே ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இரும்புச் சத்தைத் தனியாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை கலந்தார்கள். அதைப் போட மறந்தால் கீரையே காட்டிக்கொடுக்கும்: இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட இடமெல்லாம் வெளிறிப்போகும். கீழே இருக்கும் முதிர்ந்த இலை முழுசாக மஞ்சளானால் அது வேறு வியாதி, நைட்ரஜன் குறைவு. இரும்பும் பொட்டாசியமும் வாங்கிப் போட்டுக்கொண்டே “மீன் கழிவு மட்டுமே உரம்” என்று பலகை எழுதிவைப்பது விளம்பரத்துக்கு அழகாக இருக்கலாம், உண்மைக்கு அழகில்லை.

எந்த மீன்? உலகம் முழுக்க இதற்குத் திலாப்பியாதான். நம் சந்தையில் அதற்குப் பெயர் ஜிலேபிக் கெண்டை. நெரிசல் தாங்கும், தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் தாங்கும், சைவத் தீவனமும் தின்னும். இந்தியாவுக்கு 1952இல் வந்த மொசாம்பிக் திலாப்பியா இது எல்லாவற்றையும் தாங்கியதுதான் பிரச்சினையே. சின்ன வயசிலேயே குஞ்சு பொரித்து, குளம் முழுக்க விரலளவு மீனாக நிரப்பியது. 1959இல் அதைப் பரப்ப வேண்டாம் என்று தடை போட்டார்கள். அதற்குள் அது ஊர் ஊராக ஏரிகளுக்குக் குடிபோயிருந்தது. தீவுகளில் கதை இன்னும் மோசம். பசிபிக்கின் நவுரு தீவில் புவாடா காயலில் குடும்பங்கள் பரம்பரையாகப் பால்கெண்டை வளர்த்து வந்தன. 1960களின் தொடக்கத்தில் அங்கே விடப்பட்ட திலாப்பியா அந்தத் தொழிலையே தின்றுவிட்டது. பால்கெண்டைக் குஞ்சு வளர்வதற்குமுன் தீனியெல்லாம் காலி. தீவில் பண்ணை வைக்கிறவர் தொட்டியின் வடிகாலில் எத்தனை வலை கட்டியிருக்கிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இப்போது பண்ணைகளில் பேசப்படும் ‘கிஃப்ட்’ திலாப்பியா நைல் நதி இனத்தைச் சேர்ந்தது. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனத்தேர்வுத் திட்டத்தில், எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து பிடித்துவந்த மீன்களைப் பிலிப்பைன்ஸ் பண்ணை மீன்களோடு கலந்து, நன்றாக வளர்ந்ததை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி உருவாக்கியது. மரபணு ஒட்டுவேலை எதுவும் இல்லை. நம் கிராமத்தில் விதைநெல் பொறுக்குகிற அதே வேலைதான், கணக்கோடு. குஞ்சுகளை ஆண் மீனாக மட்டுமே வளர்த்தால் பெருக்கத் தொல்லையும் இல்லை. இந்திய அரசு 2009இல் நிபந்தனைகளோடு இதை அனுமதித்தது. பதிவு செய்துதான் வளர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையங்கள் இந்த இனத்தில் வேலை செய்கின்றன.

நல்லூர்க் கொல்லைக்குத் திரும்பலாம். தினம் 200 கிராம் என்றால் வருடத்துக்கு 73 கிலோ தீவனம். ஒரு கிலோ மீனுக்கு 1.7 கிலோ தீவனம் என்ற செயின்ட் குரோய் விகிதத்தைப் போட்டால் 43 கிலோ மீன். வாரத்துக்கு ஒரு நாள் குழம்பு வைக்கலாம், விருந்தாளி வந்தால் இன்னொரு நாள். நான்கு சதுர மீட்டரில் கீரை தினமும் ஒரு கை பறிக்கலாம். மின்சாரம்? 50 வாட் மோட்டாரும் 20 வாட் ஏர் பம்பும் இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் அதே 100 யூனிட். ஆக, அரசாங்கம் வீட்டுக்குக் கொடுக்கிற இலவசக் கரண்ட் முழுவதையும் மீன் குடித்துவிடும், ஃபேனும் டி.வி.யும் கட்டணத்துக்கு மாறும்.

கரண்ட் பில்லைக்கூடச் சமாளிக்கலாம். கரண்டே இல்லாவிட்டால்? சூடான தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் கரைகிற இடத்தில் 28 டிகிரியில் எட்டுகூட இல்லை. நெருக்கி வளர்த்த தொட்டியில் காற்று நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும். அதன்பின் நேரம் மணிக்கணக்கில்தான், நாள்கணக்கில் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பலாவும் முந்திரியும் சாய்ந்ததோடு கம்பங்களும் சாய்ந்தன. எத்தனையோ கிராமங்களில் விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆனது. செயின்ட் குரோயும் அப்படியே. 1989இல் ஹியூகோ புயல், 2017இல் மரியா. மரியாவுக்குப் பிறகு அந்தத் தீவுகளில் பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப மாதங்கள் ஆயின. வெப்பமண்டலத் தீவு என்றதும் தென்னை நிழல் நினைவுக்கு வருகிறவர்கள் புயலையும் நினைத்துக்கொள்வது நல்லது. 20 கிலோ மீனுக்குப் பதில் பத்துக் கிலோவோடு நிறுத்தி, ஏர் பம்பை மட்டும் பேட்டரியில் இணைத்து வைப்பது லாபத்தில் பாதியைக் குறைக்கும், தூக்கத்தை மீட்டுத் தரும். வீட்டுக்குச் செய்கிறவர்களுக்கு இதுவே சரி என்று தோன்றுகிறது.

வியாபாரமாகச் செய்யலாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லவ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் கசப்பான பதிலைத் தருகிறது. பல நாடுகளைச் சேர்ந்த 257 அக்வாபோனிக்ஸ் தொழில்காரர்களிடம் கேட்டார்கள். முந்தைய பன்னிரண்டு மாதத்தில் லாபம் பார்த்தோம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீனும் கீரையும் விற்றவர்களைவிட, அவற்றோடு சாமான்களும் பயிற்சி வகுப்பும் சேர்த்து விற்றவர்களின் கை மேலாக இருந்தது. தங்கம் தோண்டப் போனவர்களுக்கு மண்வெட்டி விற்ற கதை எல்லா ஊரிலும் நடக்கிறது. அதே ஆண்டு ஹவாய்த் தீவுகளின் மூன்று சிறு பண்ணைகளின் வரவு செலவை அலசிய இன்னொரு ஆய்வு, தாக்குப்பிடிக்க முடியும், ஆனால் விளைபொருளின் விலை கொஞ்சம் இறங்கினாலும் ஆட்டம் கண்டுவிடும் என்றது. நம் ஊரில் கீரைக்கட்டு விற்கும் விலையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கும் ஹோட்டலோ, காய் வந்து சேராத தீவோ பக்கத்தில் இருந்தால்தான் கணக்கு நிற்கும்.

அப்படி ஒரு தீவு நமக்கு அந்தமான். சென்னையிலிருந்து கடல் வழியே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டுகிற தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி. அந்த மாதங்களில் தண்ணீரைச் சுழற்றிப் பயிர் செய்வது அங்கே சரியான யோசனைதான். ஆனால் தீவின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் பலகையில் எழுதுவதில்லை. கீரை மூட்டை கப்பலில் வருவது நிற்கும், அதற்குப் பதிலாகத் தீவன மூட்டை கப்பலில் வரும். செயின்ட் குரோயில் ஐந்து டன் மீனுக்கு எட்டரை டன் தீவனம் வெளியிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது. தீவிலேயே கிடைக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கு, அசோலா, பாசி என்று எதைச் சேர்த்தாலும் அது ஒரு பங்குக்குத்தான் ஈடாகும். மீன் மந்தமாக வளரும், நைட்ரஜன் குறைந்தால் கீரையும் சோம்பும்.

இந்த ஒரு விஷயத்தில் நல்லூர் தீவைவிட யோகம் செய்த ஊர். விருத்தாசலம் நிலக்கடலைக்குப் பேர்போன பூமி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகள் வந்து குவியும். ஊரிலிருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கடலையில் வி.ஆர்.ஐ. என்ற பெயரிலேயே ரகங்கள் கொடுத்திருக்கிறது. கடலை ஆட்டினால் பிண்ணாக்கு. கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி கலந்து குளத்தில் போடுவது இந்தியக் கெண்டை வளர்ப்பில் அரிச்சுவடிப் பாடம். குளத்தில் அது நடக்கும், ஏனென்றால் குளத்தில் மீனுக்கு வேறு தீனியும் உண்டு; தொட்டியில் அது மட்டுமே சாப்பாடு என்றால் சத்து போதாது. கடைத் தீவனத்தோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். பொடியாகக் கொட்டினால் பாதி கரைந்து பாத்தியை அடைத்துவிடும், ஆகவே கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப அச்சில் பிழிந்து, வெயிலில் உலர்த்தி உடைத்துப் போட வேண்டும்.

பிண்ணாக்கு வாங்கும்போது மட்டும் செக்குக்காரரிடம் ஒரு துண்டை உடைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஈரம் பட்டுக் கிடந்த கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வரும், அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், மீனின் கல்லீரலைக் கெடுக்கும். உடைத்த வாயில் பச்சையோ மஞ்சளோ பூத்திருந்தால், முகர்ந்தால் மக்கல் வாடை அடித்தால், விலை எவ்வளவு இறக்கிச் சொன்னாலும் வேண்டாம். பூசணம் கண்ணுக்குத் தெரியாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால் மழைக்கால மூட்டையைத் தவிர்த்து, தை மாசி அறுவடையில் ஆட்டிய புதுப் பிண்ணாக்காகப் பார்த்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, தரையில் படாமல் பலகை போட்டு அடுக்குகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.